பென்சிலோடு யாரும் துரத்துவதில்லை

பெறுநர்: மேலாளர் அவர்கள், அக்சஸரீஸ் பிரிவு, கார் ஷோரூம்.

பொருள்: செராமிக் கோட்டிங்கா, பிபிஎஃப் என்னும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிமா என முடிவெடுக்க விடாமல் குழப்புதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரதிநிதியின் வாய்மொழிகள், முன்பணத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று.

ஐயா,

இந்தக் காரின் பெயின்ட் ரோபோ அடித்து அடுப்பில் வாட்டியது, பத்து வருஷம் அப்படியே நிற்கும் என்றார் தம்பி. ரசீது கிழித்த கையோடு அதே தம்பி, “கோட்டிங் போடலேன்னா ஆறே மாசத்துல டல் அடிச்சிடும் சார்” என்றார். இடைப்பட்ட நேரத்தில் பெயின்டுக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்துத் தெரிவிக்கவும்.

பிறகு டெமோ. மேஜைமேல் இருந்த பானெட் துண்டில் லைட்டரைக் கொளுத்திக் காட்டினார். என் காரை எரிக்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. இருந்தாலும் மனம் நிறைந்தது. அடுத்து ‘9எச்’ என்றார், வைரத்துக்கு அடுத்தபடியாம். அது பென்சில் கணக்கு, ஐயா. 9எச் பென்சிலை 45 டிகிரி சாய்த்து, 750 கிராம் பளுவோடு தள்ளினால் கீறல் விழக் கூடாது, அவ்வளவே. பென்சிலோடு என் காரைத் துரத்துபவர் யாருமில்லை. திண்டிவனம் போகும் வழியில் முன்னால் போகிற ஜல்லி லாரி உண்டு.

செராமிக் பூச்சின் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியே சுமார் 70 மைக்ரான். தெறித்து வரும் ஜல்லிக்கு இப்படியொரு பூச்சு இருப்பதே தெரியாது. சேறு ஒட்டாது, கழுவுவது சுலபம், பளபளப்பு நிற்கும். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெரு போர் தண்ணீரில் கழுவி வெயிலில் விட்டால், அழகாக உருண்டு நிற்கிற ஒவ்வொரு துளியும் காய்ந்து உப்பு வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். டெமோவில் தம்பி தெளித்தது கேன் தண்ணீர்.

கொட்டேஷனில் ‘பெயின்ட் கரெக்‌ஷன்’ என்று தனியாக ஒரு தொகை. மெஷின் வைத்துத் தேய்த்து, பெயின்டின் மேலடுக்கான கிளியர் கோட்டில் மைக்ரான் கணக்கில் இழைத்து எடுக்கும் வேலை அது. கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான். ஒன்றிரண்டு மைக்ரான் ஏற்றுவதற்காக, அதே அளவை இறக்கி, இரண்டுக்கும் காசு வாங்குகிற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த பெயின்டில் எதைத் திருத்துகிறீர்கள்? யார்டில் காய்ந்த துணியால் புழுதியைத் துடைத்து விழுந்த சுழல் கீறல்களை என்றால், துடைத்தவரல்லவா பணம் கட்ட வேண்டும்?

ஃபிலிம் அப்படியல்ல. டிபியூ என்கிற பாலியூரிதேன் பிளாஸ்டிக்கில் செய்த நல்ல ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். சின்னக் கல்லடியைத் தான் வாங்கிக்கொள்ளும். ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளை மணலிலிருந்து காக்க வந்த சங்கதி. மெல்லிய கீறல் சூட்டில் தானே ஆறும். சென்னை வெயிலில் அதற்குத் தனிச் செலவில்லை. அதனால் முன் பம்பர், பானெட், சைடு மிரர், கதவு விளிம்பு இவற்றுக்கு மட்டும் ஒட்டச் சொன்னேன். “ஃபுல் பாடி பேக்கேஜ்தான் சார் இருக்கு” என்றார். விலை லட்சத்துக்கு மேலே. கல் என்ன, காரின் கூரையைத் தேடிப் போயா அடிக்கிறது?

“ஃபிலிம் மேல செராமிக் அடிச்சாத்தான் சார் ஃபிலிமுக்கு சேஃப்டி” என்றும் சொன்னார். ஆக, பெயின்டைக் காக்க ஃபிலிம், ஃபிலிமைக் காக்க செராமிக், செராமிக் வாரன்டியைக் காக்க ஆறு மாதத்துக்கொரு சர்வீஸ். இத்தனையையும் காக்க என் சம்பளம்.

என் முடிவு: முன்பக்கத்துக்கு மட்டும் டிபியூ ஃபிலிம். டிபியூ என்று பில் போட்டு பிவிசி ஒட்ட வேண்டாம். அது மஞ்சளித்துக் காட்டிக்கொடுத்துவிடும். செராமிக் வேண்டாம். டெலிவரிவரை வண்டியை யாரும் துடைக்கவும் வேண்டாம், புழுதியோடே வாங்கிக்கொள்கிறேன். டயருக்கடியில் வைக்கிற எலுமிச்சம்பழம் நாலையும் நானே கொண்டுவருகிறேன். அவற்றுக்குக் கோட்டிங் போட்டு பேக்கேஜில் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முன்பணம் கட்டியவன்