மொய் எழுதியவர்கள்

அழைப்பிதழிலேயே சொல்லிவிட்டார்கள், பரிசுகள் வேண்டாம் என்று. 2025 ஜூன், வெனிஸ் நகரம், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸுக்கும் லாரன் சான்செஸுக்கும் கல்யாணம். என்ன பெருந்தன்மை! பரிசு எதற்கு? மொய்தான் முப்பது வருஷமாக வசூலாகிறதே. செல்போன் உறை வாங்கியபோது நீங்கள் எழுதினீர்கள். குக்கர் கேஸ்கட் வாங்கியபோது நான் எழுதினேன். மொய் நோட்டில் நம் பெயர் பத்திரமாக இருக்கிறது. பந்தியில்தான் இலை போடவில்லை.

இது என் வயிற்றெரிச்சல் என்று நினைக்காதீர்கள். பெசோஸே ஒப்புக்கொண்டதுதான். 2021 ஜூலையில் தன் சொந்த ராக்கெட்டில் ஏறி இறங்கியவர், தலையில் கௌபாய் தொப்பியோடு, அமேசான் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நன்றி சொன்னார். இதற்கெல்லாம் பணம் கொடுத்தது நீங்கள்தான் என்றார். பணக்காரர்கள் உண்மை பேசுவது அபூர்வம். பேசினால் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காதல்மேல் நமக்குக் கோபமில்லை. மாப்பிள்ளைக்கு 61, பெண்ணுக்கு 55. அந்த வயதில் இருவர் கை கோப்பது நல்ல விஷயம். நன்றாக இருக்கட்டும். ஆனால் இவர்கள் காதலிப்பதற்கு ஊர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கிறதே, அதுதான் உறுத்துகிறது. 2022-ல் பெசோஸின் பாய்மர உல்லாசக் கப்பல் நெதர்லாந்தில் தயாராகிக்கொண்டிருந்தது. நீளம் 127 மீட்டர். பாய்மரம் இடிக்கும் என்பதால், ராட்டர்டாம் நகரின் பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதியைக் கழற்றி வழிவிடலாம் என்று பேச்சு நடந்தது. ஊர்க்காரர்கள் அழுகிய முட்டையோடு வரத் தயாரானார்கள். பாலம் பிழைத்தது. கப்பல் பாய்மரம் இல்லாமல், விடிவதற்குள், சந்தடியில்லாமல் இழுத்துச் செல்லப்பட்டது. அழுகிய முட்டைக்கும் ஜனநாயகத்தில் ஓர் இடம் உண்டு.

வெனிஸில் அந்த அளவுக்கு முட்டை கிடைக்கவில்லை போலும். மேயர் பூரித்துப் போனார். எதிர்த்தவர்களைப் பார்த்து வெட்கப்படுவதாகச் சொன்னார். செலவு 4 கோடி முதல் 4.8 கோடி யூரோ என்று மாகாணத் தலைவர் மதிப்புச் சொன்னார். நம் கணக்கில் 400 கோடி ரூபாயில் தொடங்குகிறது. இத்தாலியச் சுற்றுலா அமைச்சகம் இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தக் கல்யாணத்தால் நாட்டுக்கு 95 கோடி யூரோவுக்கு மேல் பலன் என்றது. அதில் பத்துக்கு ஒன்பது பங்கு என்ன தெரியுமா? ஊடக வெளிச்சத்தின் மதிப்பு. அதாவது, உலகமே வெனிஸைப் பார்த்ததாம். அதற்கு முன் வெனிஸை யாரும் பார்த்ததில்லை! பார்க்கிறவர்கள் தாங்க முடியாமல்தானே, பகலில் வந்து போகிறவனிடம் 2024-ல் 5 யூரோ நுழைவுக் கட்டணம் கேட்கத் தொடங்கியது அந்த நகராட்சி?

நமக்கு இதெல்லாம் புதிதில்லை. 2024 ஜூலை 3-ல் ஜியோ கட்டணம் உயர்ந்தது. ஜூலை 12-ல் அம்பானி வீட்டுக் கல்யாணம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று நம்புகிறோம். நம்பாமல் என்ன செய்ய, வேறு சிம்முக்கு மாறலாம் என்றால் அங்கேயும் விலை ஏறியிருந்தது.

மணமகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தொலைக்காட்சிச் செய்தியாளராக உழைத்தவர். ஹெலிகாப்டர் ஓட்ட உரிமம் வாங்கியவர். வான்வழிப் படப்பிடிப்புக்கு என்று சொந்தமாக நிறுவனம் தொடங்கியவர். மெச்சத்தக்க வாழ்க்கை. ஆனால் விளம்பர உலகம் மெச்சியது அதையா? 2025 ஏப்ரல் 14 அன்று, வருங்காலக் கணவரின் ராக்கெட்டில் பாடகி கேட்டி பெர்ரி முதலானவர்களோடு பத்து நிமிடத்துச் சொச்சம் போய் வந்தாரே, அதை. பெண்குலத்தின் பாய்ச்சல் என்றார்கள். 1963-ல் வலந்தீனா தெரஷ்கோவா தன்னந்தனியாக ஏறத்தாழ மூன்று நாள் பூமியைச் சுற்றினார். நூற்பாலையில் வேலை பார்த்த பெண். ராக்கெட் வைத்திருக்கும் காதலன் அவருக்கு வாய்க்கவில்லை.

மணமகள் லாரன், பெசோஸ் புவி நிதியத்தின் துணைத் தலைவரும்கூட. பருவநிலையைக் காக்க 1,000 கோடி டாலர் தருவதாக 2020-ல் அறிவித்த நிதியம். அதன் துணைத் தலைவரின் கல்யாணத்துக்கு, தனி விமானங்கள் மட்டும் 90 வரும் என்று எதிர்பார்த்தார்கள். பாவத்துக்குப் பிராயச்சித்தமாக, வெனிஸின் காயலை ஆராயும் அமைப்புக்கு 10 லட்சம் யூரோ நன்கொடை. காயல் மட்டம் ஏறுகிறதாம். ஏன் ஏறுகிறது என்று அந்த விமானங்களில் வந்தவர்களிடமே கேட்டிருக்கலாம். ஆராய்ச்சிச் செலவாவது மிஞ்சும்.

புனித மார்க் சதுக்கத்தில் போராட்டக்காரர்கள் பெரிய பதாகை ஒன்றை விரித்தார்கள். கல்யாணத்துக்கு வெனிஸையே வாடகைக்கு எடுக்க முடிகிறவருக்குக் கூடுதலாக வரி கட்டவும் முடியும் என்பது அதன் சாரம். அவர்கள் சும்மா சொல்லவில்லை. புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் 2021-ல் ஆவணங்களோடு எழுதியது: 2007-லும் 2011-லும் பெசோஸ் கட்டிய அமெரிக்கக் கூட்டரசு வருமான வரி பூஜ்யம். அந்த 2011-ல், குழந்தை வளர்ப்புக்கான 4,000 டாலர் வரிச் சலுகையையும் கேட்டு வாங்கியிருக்கிறார். எல்லாம் சட்டப்படிதான். சாதாரணக் குடும்பத்துக்கு என்று வைத்த சலுகை, வழி தவறி வந்துவிட்டது. திருப்பியா அனுப்புவார்?

வெனிஸில் மணமக்கள் வாழ்நாள் முழுக்கப் பிரியமாட்டோம் என்று உறுதி சொன்னார்கள். அதற்கு ஏறத்தாழ ஒரு வருஷம் முன்பு, அமேசான் கிடங்கில் எடுக்கப்பட்ட வேறோர் உறுதிமொழி செய்தியானது. இடம் ஹரியானாவின் மானேசர். வட இந்தியா வெயிலில் வெந்துகொண்டிருந்த கோடை. ஆறு லாரிச் சரக்கையும் இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கப் போகமாட்டோம், கழிப்பறைக்குப் போகமாட்டோம் என்று தொழிலாளர்களைச் சொல்ல வைத்தார்கள். ஒரு லாரி 24 அடி நீளம். தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. துரதிர்ஷ்டவசமானது, தனியொரு சம்பவம் என்று பதில் சொன்னது நிறுவனம். பதில் வந்து சேர்ந்தது. வருத்தத்துக்கு டெலிவரி கட்டணம் கிடையாது.