ஏலக்காய்க்கு வந்த வாழ்வு

மலையூரான வண்டன்மேட்டில் மேனிப் பராமரிப்பு ஒழுங்காகவே நடக்கிறது, ஏலக்காய்க்கு. பறித்து வந்ததும் முதலில் குளியல். பச்சை மங்காமலிருக்க 2 சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் ஊறப்போடுவதும் உண்டு. பிறகு ஸ்டோர் என்னும் உலர்கூடத்தில் பதமான சூட்டில் உலர்த்தி, காம்பு போக உரசி, சலித்துத் தரம் பிரிப்பார்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருத்து, நிறமும் கெடாதிருந்தால் புத்தடி ஏல மையத்தில் தனி மரியாதை.

அதைப் பறிக்கக் கம்பம் ஊரிலிருந்து விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் அக்காவின் முகத்துக்கு? பெட்டிக்கடையில் தோரணமாகத் தொங்கும் க்ரீம் பாக்கெட். 1975-இல் சிவப்பழகு தர வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. 45 வருடம் பூசியதில் கண்கூடாக மாறியது க்ரீமின் பெயர்தான்.

சரி, வாங்கியதையாவது பலன் தரும்படி பூசட்டுமே என்று நாம் உபதேசிக்கப் போனால்:

“அக்கா, குளிச்ச ஈரம் காயுறதுக்குள்ள க்ரீம் போட்டாத்தான் தோல் வறளாது.”

“இங்க அடிக்கிற மழைக்கு ஈரம் எங்க தம்பி காயுது?”

“வெயில் க்ரீமை முகம் கழுத்துக்குச் சேர்த்து ரெண்டு விரல் நீளம் எடுக்கணும். வெயில்ல நின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசணும்.”

“பூசலாம். கங்காணிகிட்ட நீங்களே வந்து சொல்லிருங்க.”