முப்பதாயிரம் எங்கே?

கேள்வி: மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆண்டுக்கு 3.6 லட்சம் என்றார்கள். மாசம் முப்பதாயிரம் என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வங்கியில் விழுந்ததோ 24 ஆயிரத்துச் சொச்சம். மிச்சம் எங்கே, சார்?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: அம்மா கணக்கில் தப்பில்லை; கல்யாணத் தரகர் கைக்குப் போனால் அது நாற்பதாகிவிடும். ஆஃபர் லெட்டரில் இருப்பது சி.டி.சி., அதாவது உங்களால் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. தேங்காயை மட்டையோடு எடைபோட்ட மாதிரி.

அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். பி.எஃப்.புக்கு உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். கம்பெனி போடும் 1,800-ம் உங்கள் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். என்ன தாராள மனசு! அதிலும் 1,250 ரூபாய் பென்ஷனுக்குப் போய்விடும். மீசை முளைத்த கையோடு பென்ஷன், கொடுத்துவைத்தவர் நீங்கள். கிராஜுவிட்டி என்று 4.81 சதவீதம், சுமார் 720 ரூபாய். அது கைக்கு வரப் பொதுவாக ஐந்து வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். உங்கள் பேட்ச்சில் அப்படி ஒருவர் கிடைத்தால் போட்டோ அனுப்புங்கள், அட்டையில் போடுகிறோம். மீதி, இன்சூரன்ஸ் பிரீமியமும் 'வருஷக் கடைசியில் பார்க்கலாம்' ரக வேரியபிள் பேயும். மாநகராட்சியின் தொழில் வரி ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு இன்னொரு கடிதம் போடுவீர்கள்.

வேலை மாறினாலும் பி.எஃப்.புக்கான உங்கள் யு.ஏ.என். எண் மாறாது. பழைய பி.எஃப்.பை உருவி பைக் வாங்காமல், புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.