புவியீர்ப்பை அடக்கியவர்

1920-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் தாமஸ் டவுன்சென்ட் பிரவுன் என்றொரு இளைஞர் இருந்தார். வீட்டில் பணம் இருந்தது, கையில் எக்ஸ்ரே குழாய் இருந்தது. உயர் மின்னழுத்தம் கொடுத்தால் குழாய் லேசாக நகர்வதுபோல் தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் முதலில் மேஜைக்கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்த்திருப்பார்கள். பிரவுனோ, மின்சாரத்தால் புவியீர்ப்பையே வசப்படுத்திவிட்டதாக முடிவுகட்டினார்.

1928-ல் பிரிட்டன் காப்புரிமையும் கொடுத்தது. மறுவருடமே, தான் புவியீர்ப்பைக் கட்டுப்படுத்தும் விதம் பற்றி ஒரு பத்திரிகையில் விரிவாக எழுதிவிட்டார். பேராசிரியர் பால் பீஃபெல்டின் பெயரையும் சேர்த்து 'பீஃபெல்டு-பிரவுன் விளைவு' என்று நாமகரணமும் நடந்தது. பேராசிரியர் பாடம் நடத்திய டெனிசன் பல்கலைக்கழகமோ, அப்படியோர் ஆய்வு நடந்ததற்குப் பதிவே இல்லை என்று கைவிரித்துவிட்டது.

பிரவுனின் கருவிக்குள் நடந்தது ரொம்பச் சாதாரண சங்கதி. ஒரு மெல்லிய கம்பி, எதிரே அகலமான தகடு, நடுவே பல்லாயிரம் வோல்ட். கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று மூலக்கூறுகள் எலக்ட்ரானைப் பறிகொடுத்து அயனிகளாகும். பந்தியில் இலை போட்டாச்சு என்று கேட்டதும் ஓடுகிறவர்கள் மாதிரி அவை தகட்டை நோக்கிப் பாயும். வழியில் சும்மா நிற்கும் மூலக்கூறுகளையெல்லாம் இடித்துத் தள்ளும். அந்தத் தள்ளுமுள்ளில் கிளம்பும் காற்று ஒரு பக்கம் போக, கருவி மறுபக்கம் நகரும். அவ்வளவுதான். இந்த மின்காற்றை லண்டனில் பிரான்சிஸ் ஹாக்ஸ்பீ 1709-லேயே முகத்தில் உணர்ந்து எழுதிவைத்திருந்தார். பழைய புத்தகத்தைப் புரட்டுகிற பழக்கம் மேதைகளுக்கு ஏது?

1956-ல் பிரவுன் பறக்கும் தட்டுகளை ஆராய வாஷிங்டனில் ஒரு சங்கம் தொடங்கினார். சில மாதங்களிலேயே அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். புவியீர்ப்பை அடக்கியவருக்கு நிர்வாகக் குழு அடங்கவில்லை.

1964-ல் அலெக்சாண்டர் டி செவர்ஸ்கி வந்தார். முதல் உலகப்போரில் ஒரு காலை இழந்த பிறகும் போர்விமானம் ஓட்டியவர். மெல்லிய மரச்சட்டம், கம்பிவலை கொண்டு அவர் செய்த 'அயனோகிராஃப்ட்' இதே மின்காற்றால் அந்தரத்தில் நின்றது. மின்சாரம் மட்டும் தரையிலிருந்து ஒயர் வழியாக ஏறியது. கரண்ட் போனால் இறங்க அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2004-ல் நாசாவுக்காக எழுதப்பட்ட ஆய்வறிக்கையும் இந்த உந்துதல் அயனிகளின் வேலைதான் என்றது. 2018-ல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் பேரட் குழு 2.45 கிலோ எடையும் 5 மீட்டர் இறக்கையும் கொண்ட விமானத்தை 40,000 வோல்ட்டில் உள்விளையாட்டரங்குக்குள் பறக்கவிட்டது. மின்கலம் விமானத்திலேயே இருந்தது; சுழலும் விசிறி இல்லை, ஏறிக்கொள்ள ஆளும் இல்லை. போன தூரம் 60 மீட்டர். அரங்கின் நீளம் அவ்வளவுதான்.