ஹால் ஜங்ஷன்

வீட்டுக்குள் குட்டி ரயில் மாடல் ஓட்டும் வீட்டு ரயில்வேக்காரரை அடையாளம் காண்பது சுலபம். அவர் வீட்டுக் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்கும். கட்டில் கிடந்த இடத்தில் பிளைவுட் மேஜை. அதன் மேல் கொருக்குப்பேட்டை. வயது ஐம்பதைத் தாண்டியவர். தண்டையார்பேட்டை டீசல் ஷெட் பக்கமோ ராயபுரம் எலெக்ட்ரிக் ஷெட் பக்கமோ வளர்ந்தவர். ஹாரன் சத்தத்தைக் கேட்டே இது இன்ன இன்ஜின் என்பார். ரயில்வேயில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பார்த்தவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார். பார்க்காதவருக்குத்தான் இந்த ரயில் பைத்தியம் முற்றுகிறது.

அவரைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு கணக்கு. கடைகளில் கிடைக்கும் எச்.ஓ. அளவு ரயில் நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அது கச்சிதம். நம் பிராட்கேஜோ 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆக, அவருடைய டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஒடுங்கிய பாதையில் ஓடுகிறது. வந்து பார்க்கிற எவர் கண்ணுக்கும் இது தெரியாது. தெரியவில்லையே என்பதுதான் அவருக்குப் பெரிய வருத்தம். ஆகவே காபி வருவதற்கு முன்பே ஸ்கேலை எடுத்து அளந்து காட்டிவிடுவார்.

வளைவு இன்னொரு துக்கம். நம் அகலப் பாதையில் வளைவின் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைச் சுருக்கினாலும் இரண்டு மீட்டர். வண்டி ஒரு முழு வட்டம் திரும்ப நாலு மீட்டர் வேண்டும். ராயபுரத்து ஒண்டுக்குடித்தன ஹால் அதற்கு இடம் தராது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் கூட்ஸுக்கு 58 வேகன். அப்படியே செய்தால் ஏழு மீட்டர்: இன்ஜின் ஹாலில் நிற்கும்போது கார்டு பெட்டி எதிர்வீட்டுக் குளியலறையில் நிற்கும். பேச்சுவார்த்தை நடத்திப் பன்னிரண்டு வேகனுக்கு இறங்கி வந்திருக்கிறார். பேச்சுவார்த்தை எதிர்வீட்டோடு இல்லை, மனைவியோடு.

அந்தம்மாளிடம் பணம் கேட்கும்போது அவர் எடுத்து வீசும் சரித்திரம் எம்.ஆர்.எஃப். "1946-ல இதே திருவொத்தியூர்ல ஒரு கொட்டாய்ல பொம்மை பலூன் பண்ணாங்க. இன்னிக்கு இன்னா கம்பெனி பாத்தியா?" என்பார். "அவங்க பலூனை வித்தாங்க. நீங்க வாங்கிக்கினே இருக்கீங்க" என்று பதில் வரும். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு இன்னும் சரித்திரம் கிடைக்கவில்லை. புனேயில் பாவ் ஜோஷி என்பவர் இப்படித்தான் வீட்டுப் பொழுதுபோக்காகத் தொடங்கி, 1998-ல் குட்டி ரயில் அருங்காட்சியகமே திறந்துவிட்டார். அதைச் சொல்லிப் பார்த்தபோது, "அப்போ நீங்களும் புனேவுக்கே போயிடுங்க" என்றாளாம்.

ராயபுரம் ஸ்டேஷன் மட்டும் அவர் கையாலேயே எழுந்தது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்ட இடமல்லவா. கடையில் வாங்கிய இங்கிலாந்துக் கிராமத்து ஸ்டேஷனை அங்கே வைக்க மனம் வருமா? தூண்களுக்குக் காது குடையும் பட்ஸின் குச்சி. தரைக்கு, டீ வடிகட்டிய தூளைக் காயவைத்துத் தூவியது. வெளிநாட்டு ரயில் பிரியர்கள் புது வேகனைப் பழசாகக் காட்ட விதவிதமாகப் பொடி வாங்கிப் பூசி, துருவும் கரியும் வரைகிறார்கள். வடசென்னைக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். ஒரே வாரத்தில் அசல் எண்ணூர்!

ஆனால் அதே காற்றுதான் கடல் உப்பையும் கொண்டு வருகிறது. பித்தளைத் தண்டவாளம் கறுத்துப்போய், சக்கரத்துக்கு மின்சாரம் ஏறாமல், வண்டி திக்கித் திக்கி நிற்கிறது. இதனால் வண்டி ஓடுகிற நேரத்தைவிட அவர் ஸ்பிரிட்டில் பஞ்சு நனைத்துத் தண்டவாளம் துடைக்கிற நேரம் அதிகம். அதற்கும் 'டிராக் மெயின்டனன்ஸ்' என்று பெயர் வைத்து, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடுதான் செய்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழு அளவில் போக்குவரத்து. மச்சான் பாயிண்ட்ஸ்மேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் நண்பர் லோகோ பைலட்; நாளெல்லாம் கன்டெய்னர் தூக்கிய கை இரண்டு விரலால் வேகனைப் பிடித்துத் தண்டவாளத்தில் ஏற்றும்போது நடுங்குகிறது. மகள் கன்ட்ரோலர். அடுக்களை வாசலில் அத்திப்பட்டு. அங்கே ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி. அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டி புறப்படக் கூடாது என்பது நிஜ ரயில்வேயின் சட்டம், ஹாலிலும் அதுவே சட்டம். தோசை வேகும்வரை அத்திப்பட்டு லைன் கிளியர் கொடுப்பதில்லை.

இதில் வேகக் கடிகாரம் என்று ஒன்று உண்டு. நிஜத்தில் பத்து நிமிஷம் ஆனால் அதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். குட்டித் தூரத்துக்குக் குட்டி நேரம். உலகமெங்கும் ரயில் மாடல்காரர்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான். "தோ, பத்து நிமிஷத்துல கடைக்குப் போறேன்" என்று அவர் சொன்னால் எந்தக் கடிகாரத்தில் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அவருடைய ரயில்வேயில் பார்த்துப் பார்த்துச் செய்த அம்சம் தாமதம். கும்மிடிப்பூண்டி லோக்கலைக் கொருக்குப்பேட்டைக்கு வெளியே நிறுத்திவைத்து, கூட்ஸை முன்னால் விட்டால்தான் அவருக்குத் திருப்தி. "அண்ணே, பாதை காலியாத்தானே கீது, வுடலாமே?" என்று கிரேன்காரர் கெஞ்சுவார். "ஹோம் சிக்னல் விழலை. குந்து."

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மணி ஒன்பதை நெருங்க, கிரேன்காரர் திருவொற்றியூர் போக வேண்டும். கூட்ஸ் அத்திப்பட்டு சேராமல் யாரும் டியூட்டியை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. அத்திப்பட்டிலோ தேங்காய்ச் சட்னி அரைபடுகிறது. ஒருவழியாக விடுதலை பெற்று ஓடிய நண்பர், ராயபுரம் பிளாட்பாரத்திலிருந்து போன் செய்தார்.

"அண்ணே, வண்டி இன்னும் வரலண்ணே. இருவது நிமிஷம் லேட்டாம்."

"அப்படியா! கூட்ஸ் எதாவது போவுதா பாரு," என்றார் இவர், பேனாவைத் தேடிக்கொண்டே. "எத்தினி வேகன்னு எண்ணிச் சொல்லு."