அமங்கல ஒழிப்புக்குச் சில ஆலோசனைகள்

மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். செங்கோலைப் பெற்று, பிராகாரம் சுற்றி வந்து, திரும்ப அம்மன் கையில் சேர்ப்பது அறங்காவலர் குழுத் தலைவரின் பொறுப்பு. 2024இல் அந்தப் பதவியில் இருந்தவர் ருக்மணி பழனிவேல்ராஜன். கணவர் பி.டி.ஆர். பழனிவேல்ராஜன், முன்னாள் சபாநாயகர், 2006இல் காலமாகிவிட்டார்.

ஒருவருக்குப் பொறுக்கவில்லை. கணவனை இழந்தவர் செங்கோலைத் தொட்டால் ஆகமம் என்னாவது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓடினார். மனு தள்ளுபடியானது. ஏப்ரல் 19ஆம் தேதி அந்த அம்மா செங்கோலை வாங்கினார். கோபுரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அன்றைக்குத்தான் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவும். சாவடியில் யாரும் நெற்றியைப் பார்த்து மை வைக்கவில்லை. சுமங்கலிக்கு ஒரு மை, மற்றவளுக்கு ஒரு மை என்று தேர்தல் ஆணையத்துக்கு இன்னும் தோன்றவில்லை.

மனுப் போட்டவர் பாதியில் விட்டுவிட்டாரே என்பதுதான் தல்லாகுளத்துக்காரர்களாகிய எங்கள் மனக்குறை. அமங்கலத்தை ஒழிக்க இறங்கியவர் அடிவேர் வரைக்கும் போக வேண்டாமா? அடுத்த மனுக்களுக்கு எங்களால் ஆன உதவி இதோ.

முதல் மனு எங்கள் பேட்டை மீதே இருக்கட்டும். காந்தி மியூசியம் இருப்பது ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில். 1682இல் கணவர் சொக்கநாத நாயக்கர் போனார். அவள் தீயில் இறங்காமல் மகனை அரியணையில் உட்கார வைத்தாள். 1689இல் மகனும் போனான். கைக்குழந்தையாக இருந்த பேரனுக்குப் பட்டம் கட்டி, அவன் பேரில் நாட்டை ஆண்டாள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள், படை அனுப்பினாள். இப்பேர்ப்பட்ட மூளியின் வீட்டை 1959இல் நேரு வந்து மியூசியமாகத் திறந்தபோது ஒரு பரிகாரம்கூடச் செய்யவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்றும் வரிசை கட்டி உள்ளே போகிறார்கள். அங்கே கண்ணாடிக்குள் இருக்கிற ரத்தக்கறைத் துணியும் மனைவியை இழந்த ஒருவருடையதுதான். கஸ்தூரிபா போய் நான்கு ஆண்டுகள் காந்தி இருந்தார். அவர் எதிரே வந்தால் சகுனத்தடை என்று ஒருவரும் திரும்பிப் போனதில்லை. ஆம்பளை அல்லவா.

இரண்டாவது மனு சுண்ணாம்புக்கு. மீனாட்சி கோயில் ஊஞ்சல் மண்டபப் பகுதியின் விதான ஓவியத்தில் அம்மனின் செங்கோலை மங்கம்மாள் பெற்றுக்கொள்கிறாள். முந்நூறு வருஷத்து ஆகம மீறல் அண்ணாந்து பார்க்கும் தூரத்தில் இருக்கிறது. உடனே வெள்ளையடிக்க உத்தரவு வாங்குங்கள்.

மூன்றாவது மனுவில் பிரதிவாதி மீனாட்சியைக் கட்டிய சாமி சொக்கநாதரேதான். மலயத்துவச பாண்டியன் இறந்த பிறகு, மகள் மீனாட்சி முடிசூடி ஆண்டபோதும் கல்யாணத்தில் நின்றபோதும் பக்கத்தில் இருந்தவள் காஞ்சனமாலை. பெண்ணைப் பெற்றவளே கைம்பெண். மாப்பிள்ளை அவளைத் தூணுக்குப் பின்னால் போகச் சொன்னாரா? கடலாட ஆசைப்பட்ட மாமியாருக்கு ஏழு கடலையும் மதுரைக்கே கூப்பிட்டார். கணவன் கையையோ பிள்ளை கையையோ கன்றின் வாலையோ பிடித்துத்தான் முழுக வேண்டும் என்று சாஸ்திரம் குறுக்கே வந்தபோது, செத்துப்போன மாமனாரையே வரவழைத்தார். சாட்சிக்கு ஏழுகடல் தெரு இன்னும் இருக்கிறது. அந்தத் தெருப் பெயரையும் மாற்றக் கேளுங்கள்.

இந்த மனுதாரரைத் தனி ஆளாக்கிக் கல்லெறிய எனக்கு மனம் வரவில்லை. அவர் முத்திரை வில்லை ஒட்டிக் கேட்டதை நாம் வீட்டுக்குள் ஓசியில் செய்துகொண்டிருக்கிறோம். ஈரோடு மாவட்டம் நம்பியூரில், கோயில் பூசாரியாக இருந்தவரின் மனைவி, அவர் செத்த பிறகு அதே கோயிலுக்குள் போகப் போலீஸ் பாதுகாப்பு கேட்டு 2023இல் உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. நாகரிகச் சமூகத்தில் இது நடக்கக் கூடாது என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கண்டித்தார். கோயிலுக்காவது நீதிமன்றம் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு?

அழகர்கோயில் ரோட்டில் எந்த மண்டபத்துக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். அப்பா போன பிறகு வந்த பி.எஃப். பணத்தில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டியவள் அம்மா. நகை அவளுடையது, வட்டிக்கு அலைந்த கால் அவளுடையது. முகூர்த்த நேரத்தில் நாத்தனார் வந்து காதில் சொல்வாள்: “மதினி, நீங்க கொஞ்சம் பந்தியப் பாத்துக்கங்க.” தாலித் தட்டு எல்லார் கைக்கும் போகும், அவளைத் தாண்டும்போது மட்டும் வேகமெடுக்கும். மனைவியை இழந்த பெரியப்பாவைத் தாரை வார்க்க அழைக்க மாட்டார்கள்தான். ஆனாலும் முன்வரிசை நாற்காலியும் சந்தனமும் அவருக்கு உண்டு. வருஷம் திரும்புவதற்குள் “ஒரு வாய் சோத்துக்கு ஆள் வேணாமா” என்று அவருக்குப் பெண்ணும் பார்ப்பார்கள். அவளுக்கு அந்தச் சோற்றைப் பொங்குகிற வேலைதான்.

அரசாங்கம் மட்டும் சும்மாவா? 1856லேயே மறுமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவளோ மறுமணம் செய்யவில்லை என்று சான்று கொடுக்க வேண்டும். கட்டிக்கொண்டால் பென்ஷன் நிற்கும் என்கிறது கருவூலம். கட்டிக்கொள்ளாவிட்டால் ஓரமாய் நில் என்கிறது வீடு. பென்ஷனுக்கும் வழியில்லாத ஆதரவற்றவளுக்கு 2023இல் நிர்ணயித்தது மாதம் 1,200 ரூபாய். மண்டபத்தில் ஒரு பந்தி இலைக்குக்கூடக் காணாது.

ஆகவே மங்கலம் காக்கும் மகன்களே, மருமகன்களே, மாமன்மார்களே, உங்களுக்கும் ஒரு மனு. அம்மாவை மேடையில் ஏற்ற முடியாதென்றால் அவள் கட்டிய மண்டப வாடகையையும் விற்ற நகைக்கு ஈடான காசையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு முகூர்த்தத்தை நடத்துங்கள். அவள் கை ஆகாது, அவள் காசு ஆகும் என்கிற ஆகமம் எந்தச் சுவடியில் இருக்கிறது? இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லையென்றால் விலகி அவளுக்கு வழி விடுங்கள்.