அரை டிக்கெட்டுக்கு முழுப் பத்திரம்

வேலையில்லாதவனுக்குக் காற்பந்து டிக்கெட்டில் கழிவு கொடுக்கலாமா என்று பட்டர்வொர்த் கோப்பிக் கடையில் கேட்டுப் பாருங்கள். மாதம் தவறாமல் சம்பளம் வாங்குகிறவர்தான் முதலில் கொதிப்பார்: "வேலை தேடுடான்னா, பந்து பாக்கப் போறானா?" வேலை போனவன் கண்ணையும் கழற்றி முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும் போலிருக்கிறது. ஜெர்மனியில் சில அணிகள் இந்தக் கழிவைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே யாரும் வேலைக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

பத்து காவானில் 2000ஆம் ஆண்டு சுக்மா போட்டிக்காக 40,000 பேர் உட்கார ஓர் அரங்கம் கட்டினோம். அதை ஒழுங்காக நிரப்பக்கூட நமக்குத் துப்பில்லை. காலி நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்தால் யார் வீட்டுச் சொத்து கரைகிறது?

சரி, மனசு இரங்கிக் கொடுக்கிறோம் என்றே வையுங்கள். வேலையில்லாதவன் யார்? அதற்கும் தகுதி வேண்டுமே! சொக்சோவின் வேலை காப்புறுதி 2018 முதல் இருக்கிறது. வேலை போன முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, ஆறாவது மாதம் 30. நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முதலாளி சந்தா கட்டியிருக்க வேண்டும். பிறையில் லோரிக்குச் சாமான் ஏற்றுகிற பையனுக்குச் சாயங்காலம் கையில் நாலு நோட்டு, அவ்வளவுதான். சம்பளச் சீட்டு கிடையாது, இபிஎஃப் கிடையாது, சொக்சோ கிடையாது. "நாளைக்கு வர வேணாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தால், அவன் வேலை இழந்தவன்கூட இல்லை. வேலை பார்த்ததற்கே சாட்சி இல்லாதவன் எதை இழந்தான் என்று காட்டுவான்?

அவனுக்கும் கீழே ஒருத்தன் இருக்கிறான். தோட்டத்தில் பிறந்து, பதிவு செய்யாமல் விடப்பட்டு, ஐசியே இல்லாமல் வளர்ந்தவன். அவன் பதிவு இலாகா கவுன்டரில் நின்றால் அம்மா பத்திரம் எங்கே, அப்பா பத்திரம் எங்கே, கல்யாணப் பதிவு எங்கே என்று கேள்வி மேல் கேள்வி. அதே நாட்டில்தான் ரொட்ரிகோ ஹொல்கடோ என்ற ஆட்டக்காரர் மலேசியாவுக்கு ஆடுவதற்காக, அவர் தாத்தா ஜோர்ஜ்டவுனில் பிறந்ததாக ஒரு பத்திரம் முளைத்தது! பேரன் வியட்நாமுக்கு எதிராகக் கோலும் போட்டார், 4-0 என்று நாமும் கூத்தாடினோம். ஃபீஃபா போய் அசலைத் தேடினால், தாத்தா பிறந்தது அர்ஜென்டினாவின் காசேரோஸில். போலிப் பத்திரம் என்று 2025 செப்டம்பரில் அவரோடு சேர்த்து ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது. இங்கே பிறக்காத தாத்தாவுக்குப் பினாங்கில் தொட்டில் கட்டிய ஊரில், இங்கே பிறந்த பேரனுக்கு ஒரு தாள் இல்லை.

முடா ஆற்றைத் தாண்டினால் கெடா. சம்பள பாக்கி முற்றிப்போய் அந்த மாநில அணிக்கு 2025-26 சூப்பர் லீக்கில் இடமே இல்லாமல் போயிற்று. திடலில் ஓடுகிறவனே சம்பளத்துக்குக் கையேந்தி நிற்கும்போது, அவனுக்கும் அரை டிக்கெட் கிழித்துவிடலாமா?

நம் ஊரில் ஏழைக்கு முன்பு ஒரு கழிவு இருந்தது, மறந்துவிடாதீர்கள்: பெர்ரியில் தீவுக்குப் போகத்தான் காசு வாங்கினார்கள், திரும்பி வருவது சும்மா.

இன்னொரு கழிவு வேண்டாம், ஐயா. பையன் முழு விலைக்கே டிக்கெட் வாங்கிக்கொள்வான். அவன் வேலை பார்த்தான் என்று முதலாளியை எழுதித் தரச் சொல்லுங்கள். ஐசி இல்லாதவன் இங்கேதான் பிறந்தான் என்று பதிவு இலாகாவை முத்திரை குத்தச் சொல்லுங்கள்.